ஆறு மேலே ஏறிய இடம்

இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய தாள் சுருள் ஒன்றைத் தேடிக் கையை விட்டேன். நெத்திலி வாசம் அடித்தது. ஏசி ஓடுகிற அறை, பக்கத்தில் மேப் அடிக்கிற பிளாட்டர் மிஷின், சுற்றிலும் கம்ப்யூட்டர்கள். இங்கே நெத்திலிக்கு என்ன வேலை என்று சுருளை வெளியே இழுத்து மேஜையில் விரித்தேன். வட துருவத்துப் பக்கத்து மலைநாட்டில் ஒரு பள்ளத்தாக்கு, இரண்டு சிகரம், பேரில்லாத நாலைந்து ஆறு. அதன் குறுக்கே கருவாட்டு எண்ணெய் ஊறி மஞ்சளாகிப்போன ஒரு பெரிய கறை. சந்தேகமே இல்லை, உன் வேலைதான்.

பிழையாக அடித்த தாள்களைக் கிழித்துப் போடச் சொல்லுவார்கள். நீ அவற்றை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வாய். "தடிச்ச தாளுளா, ஒழுகாது, வாசமும் வெளிய வராது" என்பாய். திரேஸ்புரத்திலிருந்து திங்கட்கிழமைதோறும் எங்களுக்குக் கருவாடு வந்தது அந்தத் தாள்களில்தான். என் அம்மா அடுக்களையில் ஒரு முழு மலைத்தொடரையும் விரித்து வைத்து அதன் மேல் கருவாட்டுக்குத் தலை கிள்ளியிருக்கிறாள். ஒழுகாது என்று நீ சொன்னது சரி. வாசம் வராது என்று சொன்னது பச்சைப் பொய். பதினேழு வருஷம் கழித்தும் வருகிறது.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. தாளைச் சுருட்டி வைக்க மனசு வராமல், அதை எதிரிலேயே விரித்து வைத்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். உன்னிடம் பேசாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. ஒரே ஒரு தடவைதான் பேசாமல் இருந்தேன். அதைப் பற்றி நாம் இரண்டு பேரும் சரியாகப் பேசி முடிக்கவே இல்லை.

நாம் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் முத்தையாபுரத்து உப்பளத்துக்காரி, நீ சங்கு குளிக்கிறவர் மகள். இரண்டு பேருமே சிவில் டிப்ளமா முடித்துவிட்டு, வீட்டில் கல்யாணப் பேச்சு எடுப்பதற்குள் எங்காவது போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தோம். மேப் வரைகிற வேலை என்றார்கள். நம்ம ஊர் மேப்பாக இருக்கும், தெருவெல்லாம் தெரிந்ததுதானே என்று தைரியமாக வந்தோம். முதல் நாளே திரையில் ஒரு மரம்கூட இல்லாத மலைகளைப் போட்டுக் காட்டினார்கள். "இது எங்கன இருக்கு?" என்று நீ கேட்டாய். உலக மேப்பில் காட்டினார்கள். மேலே, ஆணி அடித்துச் சுவரில் மாட்டுகிற இடத்தை ஒட்டி இருந்தது.

அங்கே ஊர் கிடையாது, ரோடு கிடையாது, பல ஆறுகளுக்குப் பேர்கூடக் கிடையாது. இரவே வராத கோடை மாதங்களில் விமானத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் மட்டும் நம்மிடம் வந்தன. ஒரே இடத்தை இரண்டு கோணத்தில் எடுத்திருப்பார்கள். தனிக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு பார்த்தால் மலை மலையாகவே எழுந்து நிற்கும், பள்ளம் உள்ளே இறங்கும். நடுவில் ஒரு ஒளிப்புள்ளி. மௌசை உருட்டி அந்தப் புள்ளியைத் தூக்கலாம், இறக்கலாம். அது தரையில் சரியாக உட்கார்ந்தால் அந்த இடத்தின் உயரம் கிடைக்கும். ஒரே உயரத்தில் தரையோடு ஒட்டி அதை நடத்திக்கொண்டே போனால் கான்டூர் கோடு. நாள் முழுக்க அந்தப் புள்ளியை மேய்ப்பதுதான் நம் பிழைப்பு.

எனக்குக் கை வேகம். உனக்குக் கை மெதுவு, ஆனால் நீ வைத்த புள்ளி வைத்ததுதான். பக்கத்து நாற்காலியிலிருந்து என் திரையை எட்டிப் பார்த்து, "ஏளா, புள்ளி மெதக்குது. கீழ எறக்கு" என்பாய். உன் அப்பா கடலில் முங்கும்போது கால் மண்ணில் படுகிற வரைக்கும் எதையும் நம்ப மாட்டாராம். உனக்கும் அதே புத்தி. நான் நாலு ஷீட் முடிக்கிற நேரத்தில் நீ மூன்று முடிப்பாய், அதைப் பற்றிக் கொஞ்சம்கூடக் கவலைப்பட மாட்டாய்.

குளிர் விஷயத்தில் மட்டும் நீ தோற்றாய். மிஷினுக்காக ஏசியைப் பதினெட்டில் வைத்திருந்தார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிற ஊரில் நீ சுவெட்டர் வாங்க அலைந்தாய். கடைக்கார அண்ணாச்சி, "கொடைக்கானலுக்கா போறிய?" என்று கேட்டதற்கு, "அதுக்கும் மேல" என்று சொல்லிவிட்டு வந்தாய்.

பேரில்லாத மலைகளுக்கு நீ வைத்த பேர்களை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. மொட்டையாக நின்ற சிகரம் உன் பெரியப்பா. நேராகவே போகத் தெரியாமல் வளைந்து வளைந்து ஓடிய ஆற்றுக்கு உன் சித்தியின் பேர். ஒரு தடவை அந்தப் பேரை அழிக்க மறந்து ஷீட்டை அனுப்பிவிட்டாய். மேப் கேட்டிருந்த அந்த நாட்டுக்காரர்கள், இந்தப் பேர் எந்த ஆவணத்தில் இருக்கிறது என்று மரியாதையாகக் கேட்டு எழுதினார்கள். "ரேஷன் கார்டுல இருக்கு" என்று நீ சொல்ல, ஆபீசே சிரித்தது.

மேனேஜர் சிரிக்கவில்லை. காயல்பட்டினத்துக்காரர், வளைகுடாவில் சர்வே வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நமக்கும் அவர் காக்காதான். நல்ல மனுஷர், பயந்த மனுஷர். யாருடைய ஷீட் தப்பென்று எத்தனை திரும்பி வந்தது என்று சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தார். ஏழு மாதமாக என் பேருக்கு நேரே ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் அதைப் பார்க்கும்படியாக என் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருந்தேன். புதிதாக ஒரு குழு வரப்போகிறது, அதை நடத்துகிற லீட் நான்தான் என்று பேச்சு அடிபட்டது. எனக்கு அந்த லீட் நாற்காலி வேண்டும்; அதை மறைத்து என்ன பிரயோஜனம், ரொம்பவே வேண்டும்.

அந்த நேரத்தில்தான் அந்த வெள்ளை வந்தது. ஆறு பல கிளையாகப் பிரிந்து அகலமாக ஓடுகிற ஒரு பள்ளத்தாக்கு. மலைகளில் பனி உருகி, உச்சியின் நிழல் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே ஆற்றுப் படுகையில் மட்டும் பளீரென்று ஒரு வெள்ளைப் பரப்பு. மேல்புறம் பலகை போல மட்டம். நடுவில் சின்னச் சின்ன வாய்க்கால்கள் கீறி, அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தன. பிறந்ததிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருக்கிற காட்சி. பாத்தி, வரப்பு, வாய்க்கால், காய்ந்து பூத்த வெள்ளை.

தரை வகைகளுக்கு நமக்குக் கொடுத்த பட்டியலில் பனிக்கு ஒரு எண் இருந்தது, உப்புப் படிந்த காய்ந்த தரைக்கு ஒரு எண் இருந்தது. எல்லா நாட்டுக்கும் பொதுவான பட்டியல் அது. நான் யோசிக்கவே இல்லை. காய்ந்த தரை என்று போட்டேன். நீ எட்டிப் பார்த்து, "பனியா இருக்குமோ?" என்று கேட்டாய்.

"உப்பு எதுன்னு எனக்கே சொல்லித் தாரியா?" என்றேன். நான் அதைச் சொன்ன தொனி எனக்கு நினைவிருக்கிறது. நீ தோளைக் குலுக்கிவிட்டு உன் திரைக்குத் திரும்பிக்கொண்டாய். அந்த ஷீட்டிலும் அடுத்ததிலுமாக அதே மாதிரி மூன்று இடங்கள். மூன்றுக்கும் காய்ந்த தரை. ஷீட் போய்ச் சேர்ந்தது, திரும்பி வரவில்லை, சுவர்ப் பட்டியலில் என் வெள்ளை அப்படியே இருந்தது.

ஒரு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை. ஷீட்டுகளின் ஓரங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கிற வேலை உனக்கு வந்திருந்தது. என் ஷீட்டுக்குப் பக்கத்து ஷீட் உன்னுடையது. உன்னுடைய படங்கள் கோடை முடிகிற நேரத்தில் எடுத்தவை. நீ சாயங்காலம் எல்லாரும் கிளம்புகிற வரைக்கும் காத்திருந்து, பிறகு என்னைக் கூப்பிட்டாய்.

"ஏளா, இங்கன வா. ஒரு ஆறு மேல ஏறுது."

"என்ன?"

"என் ஷீட்டுல கீழ எறங்கி எறங்கி வருது. ஒன் ஷீட்டுக்குள்ள நொழஞ்சதும் மூணு மீட்டர் மேல ஏறிப் போவுது. தண்ணி எப்படிளா ஏறும்?"

பார்த்தேன். நீ சொன்னது சரி. என் ஷீட்டின் ஓரத்தில்தான் அந்த வெள்ளைப் பரப்பு. நான் புள்ளியை வெள்ளையின் மேல் வைத்திருந்தேன். உன் படத்தில், அதே வளைவில், வெள்ளை கரைந்து ஒரு துண்டாகச் சுருங்கியிருந்தது. மீதி இடத்தில் கூழாங்கல் படுகை, மூன்று மீட்டர் கீழே.

"உப்பு மூணு மீட்டர் ஒசரத்துக்கு வெளையுமாளா?" என்று மெதுவாகக் கேட்டாய்.

"அம்பாரமாக் குமிச்சா நிக்கும்" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

"குமிக்கதுக்கு அங்க ஆளு எங்கன இருக்கு?"

அது பனிக்கட்டி. என் கண்ணுக்கே அப்போது தெரிந்தது. வாய்க்கால் என்று நான் நினைத்தது உருகிய தண்ணீர் அறுத்த தடம். நீ ஒரு வார்த்தைகூடக் குத்திப் பேசவில்லை. "அங்கன வண்டி போவாதுளா. சின்ன பிளேன்லதான் போவாங்களாம், ஆத்து ஓரமா மட்டமான இடம் பாத்து எறங்குவாங்களாம். நீ காஞ்ச தரைன்னு போட்டுருக்க. எவனாவது நம்பி எறங்கிட்டா?" என்றாய்.

நான் உனக்குச் சொன்ன பதிலை இன்றைக்கு எழுதுவதற்குக்கூட வெட்கமாக இருக்கிறது. "லீட் சீட்டு ஒனக்கு வேணும்னா நேராச் சொல்லு. இப்படிச் சுத்தி வளைக்காத."

நீ கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாய். "நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன்" என்றாய். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

வியாழக்கிழமை நாம் பேசவில்லை. ஓரம் பொருத்திய அறிக்கையில் 'பொருந்துகிறது' என்று நீ கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், நீ போடவில்லை. வெள்ளிக்கிழமை காக்கா உன் மேஜைக்கு வந்து நின்றார். "புள்ள, ஒன்னால எல்லாம் நிக்கிது. நேத்தே போயிருக்கணும். என்ன செஞ்சிக்கிட்டிருக்க?" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது என்றாய். "எத்தனை நாள் பாப்ப? மெதுவான கைய வச்சிக்கிட்டு இந்த வேலைக்கு எதுக்கு வந்த?" என்று கேட்டார். இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருந்தேன் நான். என் பக்கம் நீ திரும்பியிருந்தால்கூடப் போதும், அவருக்கு விஷயம் விளங்கியிருக்கும். நீ திரும்பவில்லை. நானும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆளே இல்லாத மலை ஒன்றில் புள்ளியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை நீ தனியாகச் சாப்பிட்டாய். மீன் குழம்பு கொண்டுவந்திருந்தாய், வாசத்தில் தெரிந்தது. எனக்குப் பங்கு வரவில்லை என்பதை விட, நான் கேட்க முடியாத நிலைமையில் இருந்தேன் என்பதுதான் என்னை அறுத்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனேன். அவள் அப்போது இன்னும் அளத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். வரப்பைச் சுற்றி நடக்கச் சோம்பல்பட்டு, ஓரத்தில் வேலை செய்யாமல் விட்டிருந்த ஒரு பழைய பாத்தியின் குறுக்கே இறங்கினேன். மேலே காய்ந்து, வெள்ளையாகப் பூத்து, கெட்டியாகத்தான் இருந்தது. நாலு எட்டு வைத்தேன். ஐந்தாவது எட்டில் ஓடு உடைந்து முழங்கால் வரை கறுப்புக் களிக்குள் போனேன். தூக்குவாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தூரத்தில் நின்ற பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"கூறு கெட்டவளே, வெள்ளைய நம்பிக் கால வைப்பாளா ஒருத்தி? நீ அளத்துல பொறந்தவதானா?" என்று அம்மா வரப்பிலிருந்து கத்தினாள்.

காலை உருவினேன், ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. கரையேறி உட்கார்ந்து உப்பு நீரில் காலைக் கழுவும்போது அழுகை வந்தது. அம்மா சோறு சிந்தியதற்காக அழுகிறேன் என்று நினைத்து, "விடு, ஒரு நாளு பட்டினி கெடந்தா செத்தா போவேன்" என்றாள். எனக்கு அங்கே எங்கோ சின்ன பிளேனில் வந்து இறங்கப்போகிற, முகம் தெரியாத ஒருவனின் ஞாபகம். களியில் விழுந்தால் செருப்போடு போகும். அங்கே அடியில் ஆறு ஓடிக்கொண்டிருக்கும்.

திங்கட்கிழமை ஒன்பதே காலுக்கு நான் காக்கா முன்னால் நின்றேன். தப்பு என்னுடையது, மூன்று இடம், இன்ன ஷீட், அவள் அறிக்கையில் கையெழுத்துப் போடாததற்கு இதுதான் காரணம் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் முகம் செத்துப்போயிற்று. இது தெரிந்தால் அடுத்த வேலை வராது என்று அவருக்குப் பயம். "புள்ள, அது மனுஷன் போற இடமா? அங்க ஒரு காக்கா குருவி போவுமா?" என்று கேட்டார்.

வாசலில் உன் குரல் கேட்டது. "காக்கா போவாது. ஆளு போவான். அதுக்குத்தான மேப் கேட்டிருக்கான்."

நீ எப்போது வந்து நின்றாய் என்று தெரியாது. காக்கா உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் பேரை நினைத்தோ என்னவோ சிரித்துவிட்டார். அவரே உட்கார்ந்து மெயில் எழுதினார். அந்த மனுஷரைப் பயந்தவர் என்று மேலே எழுதியிருக்கிறேன். பயந்துகொண்டேதான் எழுதினார், ஆனால் ஒன்றையும் ஒளிக்காமல் எழுதினார்.

பதில் இரண்டு நாளில் வந்தது. திட்டு இல்லை. அது ஆற்றுப் பனிக்கட்டி என்று விளக்கியிருந்தார்கள். குளிர்காலத்தில் ஆறு படுகை வரைக்கும் உறையும்போது தண்ணீர் வழி இல்லாமல் பிதுங்கி மேலே வந்து பரவுமாம், பரவியது உறையுமாம், அதன் மேல் இன்னொரு தடவை பரவுமாம். அடுக்கு மேல் அடுக்காக ஆள் உயரத்துக்கு மேலேயும் வளர்ந்து, பாதிக் கோடை வரை கிடக்குமாம். அடியில் தண்ணீர் குடைந்துவிடும், மேலே பார்த்தால் கெட்டியாகத் தெரியும். கடைசியில் ஒரு வரி: எங்கே இறங்கலாம் என்று முடிவு செய்ய அந்த வரைவுத் தாள்களைத்தான் அடுத்த மாதம் எடுத்துக்கொண்டு போகவிருந்தோம், நன்றி.

நீ அதை இரண்டு தடவை படித்தாய். "சேசுவே" என்று சிலுவை போட்டுக்கொண்டாய். பிறகு உன் வழக்கப்படி, "இதுவும் பாத்திதானளா. தண்ணி கட்டிக் கட்டி வெளைய விடுது. நீ முழுசாத் தப்பு இல்ல, முக்காவாசிதான் தப்பு" என்றாய். அன்று மதியம் உன் டப்பா என் பக்கம் நகர்ந்து வந்தது. அதோடு நாம் பழையபடி ஆகிவிட்டோம். யாரும் யாரிடமும் ஒன்றும் விளக்கவில்லை.

லீட் நாற்காலி உனக்குப் போயிற்று. வேண்டாம் என்று நீ ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. "நீ விட்ட, நான் எடுத்துக்கிட்டேன். இனி எனக்கு டீ நீதான் வாங்கித் தரணும்" என்றாய். உன் கீழே பல வருஷம் வேலை பார்த்தேன். நீ செய்த முதல் காரியம், நம் பட்டியலில் இல்லாத ஒரு குறியைச் சேர்த்தது. என்னவென்று புரியாத இடத்தில் எதையாவது போட்டு ஒப்பேற்றாமல் 'டி' என்ற இங்கிலீஷ் எழுத்தைப் போட வேண்டும். டி என்றால் தெரியலை. முதல் மாதம் ஷீட் முழுக்க டி. அது என்ன எழுத்து என்று அங்கேயிருந்து கேட்டார்கள். தெரியலை என்று எழுத உனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. "டூட்டிகொரின்" என்று பதில் போட்டுவிட்டாய். அவர்களும் நம்ம ஊர் பேரில் ஏதோ ஒரு தரக்கட்டுப்பாடு என்று நம்பி, ஒவ்வொரு டிக்கும் ஒழுங்காகப் பதில் அனுப்பத் தொடங்கினார்கள். இன்றைக்கும் அனுப்புகிறார்கள்.

பிறகு நீ படுத்துவிட்டாய். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க நான் வந்த அந்த மத்தியானம், உன் வீட்டுக்காரர் கப்பலிலிருந்து இறங்கி வந்து சேர்ந்திருந்தார். கொஞ்சம் சாப்பிட்டு வரட்டும் என்று அவரைக் கீழே அனுப்பிவிட்டு நாம் இரண்டு பேரும்தான் இருந்தோம். கை அவ்வளவு மெலிந்திருந்தது. ஆனால் பேச்சு அதே பேச்சு. நர்ஸ் குத்திய ஊசியைக் காட்டி, "புள்ளி வைக்கத் தெரியல இவளுக்கு, மெதக்குது" என்றாய். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் நான் கேட்டுவிட்டேன்.

"ஏளா, அன்னிக்கு நான் சொல்லாமலே இருந்திருந்தா நீ என்ன செஞ்சிருப்ப?"

"என்னைக்கு?"

"அந்த ஆறு."

நீ கண்ணை மூடிக்கொண்டாய். தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன். "திங்கக்கெழம பத்து மணிக்கு நானே போயிச் சொல்லியிருப்பேன்" என்றாய்.

"எந்தத் திங்கக்கெழம?"

"நீ சொன்ன அதே திங்கக்கெழமதான். ஞாயித்துக்கெழமையே எழுதி வச்சிட்டேன். பத்து மணிக்குக் குடுக்கணும்னு பையில வச்சிக்கிட்டுதான் வந்தேன். நீ முக்கா மணி நேரம் முந்திக்கிட்ட."

"என் பேரு போட்டிருந்தியா?"

"பின்ன? வரஞ்சது நீதான."

நான் சிரித்தேன். நீயும் சிரித்து, சிரித்தது வலித்து, என் கையைப் பிடித்துக்கொண்டாய். அதற்குப் பிறகு உன்னோடு நான் பேசியது அதிகம் இல்லை.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம், யாரும் தள்ளாமல் நானாகப் போய் உண்மையைச் சொன்னேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அதை முக்கால் மணி நேரமாகச் சுருக்கிவிட்டாயே என்று கோபம். வல்லநாடு தாண்டுவதற்குள் அது அடங்கிவிட்டது. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு என்று விரலில் எண்ணினேன். நாலு நாள் எனக்காக விட்டு வைத்திருக்கிறாய். நான் சந்தேகப்பட்டதையும் வாங்கிக்கொண்டு, காக்காவின் ஏச்சையும் வாங்கிக்கொண்டு, என் தப்பை நானே போய்ச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறாய். அதற்கு மேல் பத்து நிமிஷம்கூட எனக்குக் கொடுத்திருக்க மாட்டாய். அங்கே ஒருவன் வந்து இறங்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை நீ ஏச்சு வாங்கியபோது நான் வாய் திறக்கவில்லை. தப்பை ஆபீசுக்குச் சொன்னேன், அந்த நாட்டுக்காரர்களுக்குச் சொன்னேன். உன்னிடம் மன்னிப்பு என்று ஒரு சொல் கேட்டதே இல்லை; நீயும் அதை எதிர்பார்த்த மாதிரி நடந்துகொண்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். கேட்டு முடித்ததில் மனசு கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது.

இப்போது உன் நாற்காலியில் நான். என் கீழே பதினொரு பேர். யாருடைய ஷீட்டிலாவது தப்பைப் பார்த்தால், எல்லாரும் கிளம்பிய பிறகு அவர்களிடம் மட்டும் சொல்லிவிட்டு, நாலு நாள் வாயை மூடிக்கொள்கிறேன். இதுவரை மூன்று பேர் தாங்களாகவே வந்து சொல்லிவிட்டார்கள். ஒருவர் வரவில்லை. நல்ல வேலைக்காரர், எனக்குப் பிடித்தவரும்கூட. ஐந்தாம் நாள் பத்து மணிக்கு நானே மேலே எழுதிவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. மாடிப்படியில் எதிரே வந்தால் செல்போனைப் பார்த்துக்கொண்டு இறங்குகிறார். ஷீட் சரியாகப் போய்ச் சேர்ந்தது, அது போதும் என்றுதான் இருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று ஒரு வலி.

அந்த வலிக்குப் பிறகுதான் நீ எனக்கு முழுசாக விளங்கினாய். அந்தத் திங்கட்கிழமை பையில் அந்தத் தாளோடு நீ படியேறி வந்தபோது, பத்து மணிக்குப் பிறகு நான் உன்னோடு ஜென்மத்துக்கும் பேசமாட்டேன் என்று தெரிந்துதான் ஏறி வந்திருக்கிறாய். கண்டுபிடித்ததைக் கொடுத்தே தீருவது என்று, என்னை விட்டுவிடத் துணிந்து வந்திருக்கிறாய். என் வாழ்க்கையில் அப்படித் துணிந்தவள் நீ ஒருத்திதான். உன்னை விட்டுவிட எனக்குத்தான் முடியவில்லை.